சந்தையை அளக்கும் கோல் யார் கையில்?

(தொலைத்தொடர்புக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா ஆகிய மூன்றும் ஒருசேரக் கட்டணத்தை உயர்த்தின. சந்தையே விலையைத் தீர்மானிக்கிறது என்று ஒன்றிய அரசு கைவிரித்தது. 1997இல் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்ட ஒழுங்குமுறை ஆணையமான டிராயும் கைப்பேசிக் கட்டணத்தில் தலையிடுவதில்லை. நிறுவனம் விலையை நிர்ணயித்துவிட்டுத் தகவல் தெரிவித்தால் போதும்.

ஆனால் போட்டியின் விதிகளில் அது தலையிடாமல் இருந்ததா? 2016 செப்டம்பரில் ஜியோ இலவசச் சேவையுடன் நுழைந்தது. அறிமுகச் சலுகைக்கு 90 நாட்களே வரம்பு. வேறு பெயர் சூட்டி 2017 மார்ச் வரை இலவசம் நீண்டது. இது புதிய சலுகை என்று ஆணையம் ஏற்றது. பிற நிறுவன எண்ணுக்கு அழைத்தால் அந்நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு 14 காசு தரவேண்டியிருந்தது. 2017 அக்டோபரில் அது 6 காசானது. வெளிச்செல்லும் அழைப்புகள் மிகுந்திருந்த ஜியோவுக்கே இதில் ஆதாயம்.

2018 பிப்ரவரி ஆணை இன்னும் நுட்பமானது. அடக்கவிலைக்குக் கீழே விற்றுப் போட்டியாளரை வீழ்த்துவதற்கான தடை, சந்தாதாரரிலோ வருவாயிலோ 30 சதவீதம் கொண்ட நிறுவனத்துக்கு மட்டும் என்றாக்கப்பட்டது. தரவுப் போக்குவரத்தின் அளவு கணக்கிலிருந்தே நீக்கப்பட்டது! தரவைப் பெருமளவு சுமந்த நிறுவனம் எது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? அதே டிசம்பரில் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் அவ்விதியை ரத்து செய்தது. அதற்குள் ஏர்செல் திவாலாகியிருந்தது. வோடபோனும் ஐடியாவும் இணைந்துவிட்டிருந்தன. ஏர்செல்லை மூழ்கடித்ததில் அதன் கடனுக்கும் பங்குண்டு. பழைய முதலாளிகளுக்காக நாம் கண்ணீர் வடிக்கவில்லை.

நமது கவலை பிஎஸ்என்எல் பற்றியது. தனியார் 4ஜி சேவையை 2012இலேயே தொடங்கினர். பொதுத்துறைக்கு அதற்கான அலைக்கற்றை ஒதுக்க 2019 அக்டோபரில்தான் அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அடுத்த ஜனவரியில் ஏறத்தாழ 78,000 ஊழியர்கள் விருப்ப ஓய்வில் அனுப்பப்பட்டனர். 4ஜி கருவிகளுக்கான டெண்டர் 2020இல் ரத்தாகி, உள்நாட்டுத் தொழில்நுட்பமே வேண்டும் என்று நிபந்தனை வந்தது. உள்நாட்டுத் தொழில்நுட்பம் வளரட்டும்; நாம் வரவேற்கிறோம். ஆனால் தனியார் நோக்கியா, எரிக்சன், சாம்சங் கருவிகளைத் தடையின்றி வாங்கியபோது, அந்தச் சுமை பிஎஸ்என்எல் தோளில் மட்டும் ஏற்றப்பட்டது ஏன்?

கட்டண உயர்வு வந்த அதே ஜூலையில் சுமார் 29 லட்சம் பேர் பிஎஸ்என்எல்லுக்கு வந்தனர். மக்கள் மாற்றைத் தேடி வந்தார்கள். பல கோபுரங்களில் 4ஜி இல்லை. ஆண்டு முடியுமுன்னரே வந்தவர்கள் திரும்பத் தொடங்கினர். நாடு தழுவிய 4ஜி தொடக்க விழா 2025 செப்டம்பரில்தான் நடந்தது.