பழைய டீசல் எஞ்சின்களும் உதிரிப் பாகங்களின் தரமும்

கங்கைச் சமவெளியின் சிறு விவசாயிகள் பலருக்கு இன்றும் டீசல் பம்புசெட்டே பாசனத் துணையாகும். இங்கிலாந்தின் டர்ஸ்லி நகரில் லிஸ்டர் நிறுவனம் 1929-இல் வெளியிட்ட ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் அமைப்பைப் பின்பற்றி, குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் பம்புசெட்டு எஞ்சின்களைப் பெருமளவில் உருவாக்கின. நிமிடத்துக்கு 650 சுற்றுகளே சுழலும் இவ்வகை எஞ்சின், நன்கு பேணப்பட்டால் பல பத்தாண்டுகள் உழைக்கும். அந்த நீண்ட ஆயுளே ஒரு சிக்கலுக்கும் வித்திட்டுள்ளது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, அதற்குரிய பாகங்கள் எங்கே, எவரால் செய்யப்பட்டவை என்பது தெரியாமற் போகிறது.

மூல நிறுவனம் செய்யாத பாகம் என்பதாலேயே அது தரமற்றதாகிவிடாது. சிறு பட்டறைகள் இல்லையெனில் பழைய எஞ்சின்கள் பல என்றோ நின்றிருக்கும். தன் பெயரைப் பொறித்து விற்பவன் வேறு; பிறர் பெயரைத் திருடிப் பொறிப்பவன் வேறு. முன்னவன் பொருளுக்குப் பொறுப்பேற்கிறான். பின்னவனைத் தேடிப் பிடிக்க வழியில்லை.

தரமற்ற பாகத்தின் விலை கடையில் முடிவதில்லை. எரிபொருள் பம்பின் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் இடைவெளி, ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்குகளே. அது சற்று மிகுந்தாலும் அழுத்தம் குறையும். நாசில் டீசலைப் பனிபோல் தூவாமல் சொட்டவிட்டால் கரும்புகை எழும், எரிபொருள் வீணாகும். மென்மையான வார்ப்பில் செய்த பிஸ்டன் வளையம் விரைவில் தேயும். எஞ்சின் எண்ணெய் எரியும். கடையில் மிச்சமான பணம் டீசலாகக் கரைகிறது. பயிர் வாடும் வேளையில் எஞ்சின் நின்றுவிட்டாலோ, இழப்பு விளைச்சலையே தொடும்.

சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. போலி வணிகச் சின்னத்தைப் பொறிப்போருக்கு 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. உரிமமின்றித் தர முத்திரை இடுவதை 2016-ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணய அமைவனச் சட்டம் தடைசெய்கிறது. சுயதொழிலால் பிழைப்பதற்கென மட்டும் பொருள் வாங்குபவரும் நுகர்வோரே என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது.

ஆயினும் இரசீது இல்லாத இடத்தில் இச்சட்டங்கள் வலுவிழக்கின்றன. எனவே செய்தவர் பெயரும் பாகத்தின் அளவும் குறித்த இரசீதைக் கேட்டுப் பெறும் வழக்கம் ஊன்ற வேண்டும். பொருத்துமுன் பழைய பாகத்துடன் அளவை ஒப்பிடுவதும், நாசிலைச் சோதனைக் கருவியில் பார்ப்பதும் பட்டறைகளின் இயல்பாக வேண்டும். வேளாண் பொறியியல் துறைகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் வட்டார அளவில் இச்சோதனைக்கு வசதி செய்தால், நாணயமான சிறு உற்பத்தியாளரும் வாழ்வார். விவசாயியின் நீரும் தடைப்படாது.