ஈ, தா, கொடு

(மீன்சுருட்டியில் நடந்த பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

கங்கைகொண்ட சோழபுரம், செயங்கொண்டம் எனக் 'கொண்ட' பெயர்கள் சூழ்ந்தது நம் மண். இவ்விடத்தில் கொடுத்தலைப் பற்றிச் சில கூற விழைகின்றேன்.

ஆங்கிலத்தில் 'கிவ்' பொதுச்சொல். அதிகாரமுடையோர் வேண்டுகோளுக்கு இணங்கித் தருவது 'கிராண்ட்'. பொதுநலத்திற்கு மனமுவந்து கொடுப்பது 'டொனேட்'. இந்நுட்பத்தை வியப்போர் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தையும் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

கிளவியாக்கத்தில் தொல்காப்பியர் இடம் நோக்கிப் பிரிக்கிறார். எனக்கும் உனக்கும் என்றால் 'தருதல்'. அவனுக்கு என்றால் 'கொடுத்தல்'. மலையாளம் இவ்வேறுபாட்டை இன்றும் பேச்சில் காத்து வருகிறது. எச்சவியலில் கேட்போர் நிலை நோக்கிப் பிரிக்கிறார். இழிந்தோன் 'ஈ' என்பான். ஒத்தவன் 'தா' என்பான். உயர்ந்தோன் 'கொடு' என்பான்.

தனக்கென்று கேட்பவன் படர்க்கைக்குரிய 'கொடு' என்னும் சொல்லை ஆளலாமா? தன்னையே பிறன்போல் வைத்துக் கூறும் குறிப்பு அது என்று அவரே விடை பகர்கிறார். கேட்கும்போதும் கை தாழாத பெருமிதத்தை ஒரு வினைச்சொல்லில் கண்டுகொண்ட புலமை அது!

தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டைக் காண்போம். தான் கொடுத்தவை, அக்கன் கொடுத்தவை, தேவியர் கொடுத்தவை, மற்றையோர் கொடுத்தவை அனைத்தையும் கல்லில் வெட்டுமாறு இராசராசன் தன் 26-ஆம் ஆட்சியாண்டில் பணித்தான். நால்வகையோர்க்கும் வினை ஒன்றே. மன்னன் கொடைக்கென உயர்ந்த சொல் ஒன்றை அங்கே தேடவில்லை.

இன்று நாம் எதுகைக்காகவும் சீருக்காகவும் இச்சொற்களை மாற்றி மாற்றி வைக்கிறோம். நாற்று நட்டவளுக்குக் 'கூலி ஈந்தான்' என்று ஒருவர் பாடினால் என்ன ஆகும்? வறியார்க்குக் கொடுப்பதே ஈகை என்பது வள்ளுவர் வகுத்த இலக்கணம். உழைத்துப் பெற்றவள் அந்த ஒரு சொல்லால் இரந்து நின்றவள் ஆகிவிடுகிறாள். கூலி கொடுக்கப்படுவது, ஈயப்படுவதன்று. அவ்வாறே, போராடி மீட்ட உரிமையை 'வழங்கினர்' என்றால், அது முன்னர் வழங்கியவருடைய உடைமையாய் இருந்தது போலாகும்.

வழக்கு மாறிவிட்டதே எனலாம். உண்மைதான், கடைத்தெருவில் 'தாங்க', 'கொடுங்க' இரண்டும் ஒன்றாகவே வழங்குகின்றன. ஆயினும் 'ஈகை' என்றவுடன் மேலே ஒரு கையும் கீழே ஒரு கையும் இன்றும் நம் கண்முன் தோன்றுகின்றன அல்லவா?

ஆகவே கவிஞர்களே, கொடைச்சொல் ஒன்றை எழுதுமுன் பெறுபவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். ஓசை சிறிது குறையினும் குறையட்டும். அவர் மானம் குறைய வேண்டா.