ரெக்கார்டு நோட்டும் காட்டுப் பைசனும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விலங்கியல் படித்தவர்களுக்கு ரெக்கார்டு நோட் என்றாலே வயிற்றைக் கலக்கும். பிராக்டிகல் பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து, மொத்தத்தையும் பக்கத்து அறை நண்பனைப் பார்த்து எழுதியவன்தான் நானும். "என்னிக்குப் பார்த்தியோ அன்னிக்கே எழுதுடா" என்று எங்கள் பேராசிரியர் தலையில் அடித்துக்கொள்வார். அப்படி எழுதி வைத்ததால் ஒரு விலங்கினமே பிழைத்த கதையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் நாம் பைசன் என்று சொல்வது காட்டுமாடு. அது வேறு இனம். நான் சொல்வது ஐரோப்பியப் பைசன். போலந்து எல்லையில் இருக்கும் பியாவோவியெஜா காட்டில் முதல் உலகப் போருக்கு முன்பு எழுநூறுக்கு மேல் இருந்தன. போர் வந்தது. பட்டாளத்துக்காரர்களும் திருட்டு வேட்டைக்காரர்களும் சுட்டுத் தின்று தீர்த்தார்கள். 1919ல் அந்தக் காட்டில் கடைசிப் பைசன் போயிற்று. 1927ல் காகசஸ் மலையிலும் முடிந்தது. காட்டில் ஒன்றுகூட இல்லை! உயிரியல் பூங்காக்களிலும் தனியார் தோட்டங்களிலுமாக 54 மட்டுமே மிச்சம்.

அப்போது என்ன செய்தார்கள் தெரியுமா? 1923ல் ஒரு சர்வதேசச் சங்கம் அமைத்து, எந்தப் பைசன் எங்கே இருக்கிறது, அதன் தாய் யார், தகப்பன் யார் என்று எழுத ஆரம்பித்தார்கள். அமெரிக்கப் பைசனோடு கலந்தவற்றைப் பிரித்து ஒதுக்கினார்கள். 1932ல் அந்த வம்சாவளிப் பதிவேடு அச்சில் வந்தது. இன்றைக்கு இருக்கிற அத்தனை பைசனும் வெறும் 12 விலங்குகளின் வாரிசுகள். எல்லாமே நெருங்கிய சொந்தம். எந்தக் காளையை எந்தப் பசுவோடு சேர்ப்பது என்று அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த வேலையை மறுபடி தூக்கி நிறுத்தியவர் வார்சா உயிரியல் பூங்காவின் யான் ஜாபின்ஸ்கி. போர்க்காலத்தில் அதே பூங்காவில் யூதர்களை ஒளித்து வைத்துக் காப்பாற்றிய மனிதர் அவர்.

1929ல் பியாவோவியெஜாவுக்குப் பைசன்களைக் கொண்டுவந்து வேலிக்குள் வளர்த்தார்கள். 1952ல் முதன்முதலாகக் காட்டுக்குள் திறந்துவிட்டார்கள். 2003ல் சுமார் 1,800 ஆக இருந்த காட்டுப் பைசன்கள் 2019ல் 6,200ஐத் தாண்டின.

ஆனால் கதை இதோடு சுபம் இல்லை. 2020ல் கணக்கெடுத்தபோது இருந்த 47 மந்தைகளில் எட்டு மட்டுமே நீண்ட காலம் தாக்குப்பிடிக்கும் அளவுக்குப் பெரியவை. மற்றவை தனித்தனித் தீவுபோல. ஒரு மந்தையிலிருந்து இன்னொன்றுக்கு மனிதன்தான் மாற்றிவிட வேண்டும். அதற்கும் பதிவேடு வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பூங்காவில் வெளிமான் குட்டிகளுக்குக் காது எண் போடும் பொறுப்பு என்னுடையது. ஒரு வாரம் "நாளைக்கு எழுதிக்கலாம்" என்று விட்டுவிட்டேன். அதற்குள் குட்டிகள் கூட்டத்தோடு கலந்துவிட்டன. எது எந்தத் தாயின் குட்டி என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு வருஷம் கழித்து வேறு ஊரிலிருந்து ஜோடிக்குக் கேட்டபோது, "தாய் தெரியாத மான் வேண்டாம்" என்று நியாயமாகவே மறுத்துவிட்டார்கள். நல்ல ஆரோக்கியமான மான்கள். தவறு முழுக்க என்னுடையது. அன்று ராத்திரி என் பேராசிரியர் குரல் காதில் கேட்டது.

மாணவச் செல்வங்களே, காட்டுக்குப் போய் விலங்கைக் காப்பாற்றும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்காது. பார்த்ததைப் பார்த்த அன்றே, பார்த்தபடியே எழுதுவது எல்லோராலும் முடியும். பைசனைக் காப்பாற்றியவர்களில் பாதிப் பேர் பேனா பிடித்தவர்கள்தான். இன்றைக்கு ராத்திரி உங்கள் ரெக்கார்டு நோட்டை எடுத்து எழுதுங்கள். பக்கத்து அறையில் வாங்க வேண்டாம்!