குப்பைமேட்டு யானைகள்

கிழக்கிலங்கையின் ஒலுவில் அஷ்ரப் நகர்ப் பக்கம் போனவர்களுக்கு இது புதுக்காட்சி அல்ல. கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர் என்று சுற்றுவட்டாரக் குப்பையை ஏற்றிய உழவு இயந்திரம் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டுப் பக்கம் திரும்பினால் போதும், காட்டு யானைகள் கூட்டமாக வந்துவிடும்.

சாப்பாட்டு விஷயத்தில் யானை லேசுப்பட்டதல்ல. புல்லைப் பிடுங்கினால் காலில் தட்டி, மண்ணை உதிர்த்துத்தான் வாயில் வைக்கும். மோப்பமோ அபாரம். ஆபிரிக்க யானைக்கு மணம் அறியும் மரபணுக்கள் ஏறத்தாழ 2,000. நாய்க்கு இருப்பதைப்போல இரு மடங்குக்கும் மேல் என்று 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள்.

அப்படிப்பட்ட மிருகம் பொலித்தீனை ஏன் விழுங்குகிறது? மூக்கு பிழைக்கவில்லை. நாம் முடிச்சுப் போட்டு வீசிய சொப்பின் பையில் புரியாணி மணமும் உப்பும் எண்ணெயும் ஊறிக் கிடக்கின்றன. சோற்றோடு பையும் உள்ளே போகிறது. குடலை அது அடைத்துவிட்டால், நாளுக்கு 150 கிலோ தின்கிற உடம்பு தீனி எடுக்காமல் மெலிந்து சாயும்.

2022 ஜனவரியில் பள்ளக்காட்டில் இரண்டு யானைகள் செத்துக் கிடந்தன. எட்டு வருடங்களில் சுமார் 20 என்று அப்போது செய்தி வந்தது. குப்பைமேட்டைக் காத்த மின்வேலியை 2014இல் இடி தாக்கியதாம். பிறகு திருத்தவே இல்லையாம்.