படுக்கையைச் சுமந்த நால்வர்

(ஊழியத்தைத் தாங்குவோர் கூடுகையில் அளித்த உரையின் சுருக்கம்)



அவனியாபுரம் என்றதும் பலருக்குத் தைப்பொங்கலன்று நடக்கும் ஜல்லிக்கட்டு நினைவுக்கு வரும். எங்களுக்கோ, விரல்களை மடக்க முடியாமல் காலையிலேயே வந்து காத்திருக்கும் சகோதரிகள் நினைவுக்கு வருகிறார்கள். சுற்றுவட்டாரத்தில் மல்லிகை பறிப்பவர்களும் பூக்கட்டுபவர்களும் அவர்களில் உண்டு. கிராமங்களில் சரவாங்கி என்று சொல்லும் முடக்குவாதம், ஆண்களைவிடப் பெண்களை ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தாக்குகிறது. விரல்களின் சிறு மூட்டுகளை அது முதலில் பிடிக்கும். விடியற்காலையில்தான் விறைப்பு அதிகம். பூப்பறிக்கும் நேரமும் அதுவே.

இந்த நோய்க்கு மாத்திரையை விடாமல் சாப்பிடவேண்டும். விட்டால் வலி திரும்புவதோடு மூட்டும் நிரந்தரமாகக் கோணிப்போகலாம். இதே இனத்தைச் சேர்ந்த லூபஸ் நோயில் சிறுநீரகமே பழுதடையக்கூடும்.

2020 மார்ச் 25 முதல் தேசம் முழுவதும் ஊரடங்கு. பேருந்துகள் நின்றன. அதோடு வேறொரு சோதனையும் வந்தது. முடக்குவாதத்திற்கும் லூபஸுக்கும் கொடுக்கப்படும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையை, கொரோனா தடுப்புக்காக மருத்துவப் பணியாளர்கள் உட்கொள்ளலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மார்ச் 22 அன்று அறிவித்தது. பயந்த ஜனங்களும் அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அன்றாடம் அதை நம்பியிருந்த நோயாளிகளோ கடை கடையாக அலைந்தார்கள். ஜூன் 24 முதல் மதுரை மாநகரிலும் திருப்பரங்குன்றம் உள்ளிட்ட ஒன்றியங்களிலும் மீண்டும் முழு ஊரடங்கு வந்தது.

பயம் இன்னொரு தீங்கும் செய்தது. “இந்த மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் குறைக்குமாமே, நிறுத்திவிடட்டுமா?” என்று பலர் கேட்டார்கள். ஸ்டீராய்டு மாத்திரையைப் பல மாதம் உட்கொண்டவர்கள் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் வந்தால் உடனே சொல்லுங்கள், கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள் என்று பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொன்னோம்.

வர முடியாதவர்களுக்கு மருந்தைப் போதகர்களும் கோயில்பிள்ளைகளும் கொண்டுபோனார்கள். மெத்தோட்ரெக்சேட் வாரத்திற்கு ஒருநாள் மட்டுமே சாப்பிடவேண்டிய மாத்திரை. தினமும் சாப்பிட்டால் ஆபத்து. ஆகவே “ஞாயிறு மட்டும்” என்று உறையின்மேல் பெரிதாக எழுதினோம். எழுத்தறியாதவர்களுக்குக் கொண்டுபோனவர்களே வாசித்துக் காட்டினார்கள். கிறிஸ்தவ வீடு, இந்து வீடு, முஸ்லிம் வீடு என்ற பேதம் அங்கே இருக்கவில்லை.

அன்பானவர்களே, இதையும் கேளுங்கள். பிரிட்டனில் நடந்த பெரும் ஆய்வு, மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் பயன் தரவில்லை என்று 2020 ஜூன் 5-ல் அறிவித்தது. பதினொரு நாள் கழித்து அதே ஆய்வு, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் மரணத்தை டெக்சாமெதசோன் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று சொன்னது. அது விலை குறைந்த ஸ்டீராய்டு மருந்து. அந்த இன மருந்தின் வல்லமையை உலகம் முதலில் கண்டது எங்கே? 1948-ல் அமெரிக்காவில் டாக்டர் பிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் அவதிப்பட்ட ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் கொடுத்தபோதுதான்! சில நாட்களில் அவள் எழுந்து நடந்தாள். மூட்டு நோயாளிகளின் வேதனையிலிருந்து பிறந்த அறிவு, கொரோனா நாட்களில் அநேகரைப் பிழைக்க வைத்தது. இவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

மாற்கு சுவிசேஷத்தில் திமிர்வாதக்காரனை நாலுபேர் சுமந்து வந்தார்கள். வாசலில் வழியில்லை என்று அவர்கள் திரும்பிப் போகவில்லை; கூரையைப் பிரித்தார்கள். அவர்களின் பெயர்கள் வேதத்தில் இல்லை. பெயர் சொல்லாமல் காணிக்கை அனுப்பும் உங்களில் பலரும் அவர்களைப் போன்றவர்களே.

மறுபடியும் ஒரு கொள்ளைநோய் வருமானால், எந்த ஏழைச் சகோதரியும் மாத்திரையின்றித் தவிக்கக்கூடாது. மூன்று மாத மருந்தை எப்போதும் கையிருப்பில் வைக்க விரும்புகிறோம். இதற்காக ஜெபியுங்கள், கர்த்தர் உங்களை ஏவுகிறபடி கொடுங்கள்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.