நஸ்ரீன் முகமதியும் நம் பாவு நூலும்

தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் நெசவாளத் தோழர்களே!

அழைப்பிதழில் ‘அரூப ஓவியம்’ என்று பார்த்ததும், “இது நமக்கெதற்கு? சென்னையில் ஏதாவது கலைக்கூடத்தில் பேச வேண்டியதாயிற்றே” என்று சிலர் நினைத்திருப்பீர்கள். அப்படி நினைத்தவர்களைத் தேடித்தான் வந்திருக்கிறேன். அரூப ஓவியர் நஸ்ரீன் முகமதியின் ஓவியத்தைப் பார்க்கப் பழகிய கண்கள் இந்த நாட்டில் எங்கே இருக்கின்றன என்று கேட்டால், நம் காஞ்சியின் பிள்ளையார்பாளையத்தில் இருக்கின்றன என்பேன். காரணம் சொல்கிறேன், கேளுங்கள்.

1937-இல் கராச்சியில் பிறந்தவர் நஸ்ரீன். தாயைச் சிறு வயதிலேயே இழந்தார். குடும்பம் பம்பாய்க்கு வந்தது. 1954-இல் லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைப்பள்ளிக்குப் படிக்கப் போனார். பிறகு பாரிசில் பயின்றார். பம்பாயில் பூலாபாய் நிறுவனத்தில் கெய்தொண்டே போன்ற ஓவியர்களோடு பழகினார். 1972 முதல் பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். 1990-இல், மும்பைக்குத் தெற்கே கிஹிம் என்ற கடலோர ஊரில் மறைந்தார். வாழ்க்கைக் குறிப்பு இவ்வளவுதான். மீதியெல்லாம் அவர் இழுத்த கோடுகளில் இருக்கிறது.

தொடக்கத்தில் அவரும் செடி, கொடி, நிலம், கடல் என்று நீர்வண்ணத்தில் தீட்டியவர்தான். பிறகு ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்தார். உருவம் போயிற்று. வண்ணம் போயிற்று. கேன்வாஸ் போயிற்று. எஞ்சியவை வெள்ளைத்தாள், பென்சில், மைப்பேனா, அளவுகோல். 70-களின் தொடக்கத்தில் குறுக்கும் நெடுக்குமான கட்டங்கள். பிறகு தாளைச் சாய்வாகக் கடக்கும் கோடுகள். 80-களில் வெற்றிடத்தில் மிதக்கும் வட்டமும் வில்லும். பெரும்பாலான படங்களுக்குத் தலைப்பு வைக்கவில்லை, தேதியும் போடவில்லை.

அவர் எந்த ஊரில், எந்தக் காலத்தில் இதைச் செய்தார் என்று பாருங்கள். அன்றைய பரோடா கதை சொல்லும் ஓவியங்களின் ஊர். ஓவியர்கள் பூபேன் கக்கரும் குலாம் முகமது ஷேக்கும் மனிதர்களையும் தெருக்களையும் தீட்டிக்கொண்டிருந்தார்கள். 1981-இல் ‘மக்களுக்கான இடம்’ என்ற பொருளில் பெயரிட்டுக் கண்காட்சியே வைத்தார்கள். அந்த ஆரவாரத்தின் நடுவே ஒரு பெண், தரையில் அமர்ந்து, சாய்மேசையில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். யாரோடும் சண்டையில்லை, யாருக்கும் பதிலில்லை. ஊரெல்லாம் ஒரு பக்கம் போகும்போது தன் பக்கம் நின்ற அந்தத் துணிவுக்காகத்தான் அவரை முன்னோடி என்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உடல் அசைவின் மீதான கட்டுப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிக்கும் நரம்பு நோய் அவருக்கு வந்தது. ஆனால் அந்தக் கடைசி ஆண்டுகளின் கோட்டைப் பாருங்கள். நடுக்கம் தெரியவில்லை!

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். நஸ்ரீன் புகைப்படமும் எடுத்தார். பாலைவனம், கடற்கரை, பதேபூர் சிக்ரியின் கற்றளம். இவற்றோடு தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூலையும் எடுத்திருக்கிறார். படத்தில் நெசவாளி இல்லை, துணி இல்லை. இழை மட்டும். இழைக்கும் இழைக்கும் நடுவில் வெளிச்சம் மட்டும்.

அதை வைத்து, அவர் தறியைத்தான் வரைந்தார் என்று சொல்லிவிடாதீர்கள். நம் இழை சேலையாகிறது. அவர் கோடு எதுவாகவும் ஆக மறுக்கிறது. அந்த வித்தியாசம் பெரிது. ஆனால் பார்க்கும் கண் ஒன்றுதான். ஆயிரக்கணக்கான இழைகளில் எது அறுந்திருக்கிறது என்று தறியில் உட்கார்ந்தபடியே கண்டுபிடிக்கிறவர் நீங்கள். கோர்வையில் மூன்று நாடா ஓடும்போது, கரையும் உடலும் சேருமிடத்தில் மயிரிழை பிசகினால் உங்களுக்குத் தெரிகிறது. அந்தக் கண்ணோடு நஸ்ரீனின் தாள் முன்னால் நில்லுங்கள். ஓரிடத்தில் கோடு நெருங்கும், ஓரிடத்தில் விலகும், ஓரிடத்தில் மை மெலியும். “இதில் ஒன்றுமே இல்லையே” என்று நீங்கள் சொல்லமாட்டீர்கள்.

வண்ணம் போனபின்னும் கோடு பேசும் என்பது காஞ்சிக்குப் புதிதா? ராஜசிம்மன் எழுப்பிய கைலாசநாதர் கோயிலின் சிற்றாலயங்களில் பல்லவர் ஓவியம் துண்டு துண்டாக எஞ்சியிருக்கிறது. வண்ணம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. சோமாஸ்கந்தரை இன்று நமக்குக் காட்டுவது மிஞ்சிய கோடுகள்தாம்.

வாழ்ந்த காலத்தில் சிறு வட்டத்துக்கு வெளியே நஸ்ரீனை அதிகம் பேர் அறியவில்லை. புகழ் பின்னால் வந்தது. 2007-இல் ஜெர்மனியின் டாக்குமென்டா கண்காட்சி, 2015-இல் மாட்ரிட்டின் ரெய்னா சோபியா அருங்காட்சியகம். 2016-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் மெட் பிராயர் என்ற கிளையைத் திறந்தபோது, தொடக்கக் கண்காட்சிகளில் ஒன்று அவருடையது. அமெரிக்க ஓவியர் ஆக்னஸ் மார்ட்டினோடு அவரை ஒப்பிட்டு எழுதுகிறார்கள்.

இது தானாக நடந்ததா? இல்லை. தாள்களையும் நாட்குறிப்புகளையும் உற்றாரும் நண்பர்களும் காத்து வைத்தார்கள். கீதா கபூர் போன்ற விமர்சகர்கள் எழுதினார்கள். பரோடாவில் அவரிடம் படித்த ரூபினா கரோடே கண்காட்சிகளை அமைத்தார். தலைப்பில்லாத, தேதியில்லாத தாள்களுக்கும் ஒரு பெயர் நிலைத்ததென்றால், காத்தவர்கள் இருந்ததால்தான்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சேலையில் நெய்யும் பல உருக்கள் முதலில் கட்டத்தாளில் பிறக்கின்றன. பாவும் ஊடையும் சந்திக்குமிடம் ஒரு கட்டம். அதைப் பார்த்துத்தான் ஜக்கார்டு அட்டையில் துளை போடுகிறார்கள். சேலை விலைக்குப் போகிறது. தாள் எங்கே போகிறது? வரைந்தவர் பெயர் எங்கே போகிறது? தார் சுற்றியும் பாவு பிணைத்தும் கொடுத்த பெண்ணின் பெயர் எந்தக் கணக்கில் இருக்கிறது?

வீட்டுக்கு ஒரு தாள் எடுத்து வாருங்கள். பின்புறத்தில் வரைந்தவர் பெயரை எழுதுங்கள். நெசவில் பங்கெடுத்த பெண்களின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். ஆசிரியர்களே, அவற்றை மாணவர்களுக்குக் காட்டுங்கள். பக்கத்தில் நஸ்ரீனின் படம் ஒன்றையும் வையுங்கள். இந்தக் கூட்டத்தை நடத்தும் மன்றம் முன்வந்து, அவற்றையெல்லாம் நம் ஊரிலேயே ஒரு கண்காட்சியாக வைக்க வேண்டும். இந்தக் கூட்டம் கலையும் முன்பே அதற்கு நாள் குறிக்க வேண்டும் என்று தலைவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.