அவை நடத்தும் திறம்

(தமிழ் மன்றமொன்றின் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தைத்திங்கள் முதல் நாளில் பெயர்ப்பலகை மாட்டிப் பறை முழக்கித் தொடங்கப்பெறும் தமிழ் மன்றங்களுள் எத்தனை மன்றங்கள் அவ்வாண்டின் ஆடிப்பெருக்கைக் காண்கின்றன? முதற் கூட்டத்தில் இடங்கொள்ளாத திரள். மூன்றாங் கூட்டத்தில் பாதிப் பாய் வெறும் பாய். ஆறாங் கூட்டத்திலோ தலைவரும் செயலாளரும், விளக்கை அணைத்துக் கதவைப் பூட்ட வந்த காவற்காரருமே எஞ்சுவர். அரசு தடுத்ததா? இல்லை. பகைவர் கலைத்தனரா? அதுவும் இல்லை. ஒரு சொல் தமிழா, வடசொல்லா என்று இருவர் மாறுபட்டனர். மாறுபாடு பூசலாயிற்று, பூசல் பகையாயிற்று. 'மீன்' என்னும் சொல்லுக்கு வேர் காணக் கூடியவர்கள் ஒருவர்மேல் ஒருவர் வலை வீசிக்கொண்டு வீடு திரும்பினர். மொழியை மீட்கப் புறப்பட்டவரிடையே முதலில் அற்றுப்போனது பேச்சு!

பிற இயக்கங்களுக்கு இக்குறை ஒரு சிறு நோய். தனித்தமிழ் இயக்கத்திற்கோ இது கொல்லும் நோய். இவ்வியக்கத்திற்குச் சொல்லே படைக்கலம், சொல்லே களம். புதுச்சொல் ஒன்றைத் தனியொருவர் ஆக்கிவிடலாம். ஆயினும் பலர் கூடிக் கலந்து, மறுத்து, செதுக்கித் தந்த பின்னரே அது ஊர்வழக்கில் நிலைக்கும். கருத்தாடும் அவை உடைந்தால் சொல்லாக்கமும் உடன் உடையும். ஆகவே அவையொன்றை உடையாமல் நடத்துவது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இது புதிதாகக் கற்கவேண்டிய கலையன்று. மணிமேகலையில் இந்திரவிழாவிற்கு முரசறையும் இடத்தைக் கற்றோர் அறிவர். யானையின் பிடரியில் முரசை ஏற்றிப் புகார் நகரத்தார்க்கு விழாச்செய்தி அறிவிக்கப்படுகிறது. தெருக்களில் பழமணலை நீக்கிப் புதுமணல் பரப்புக; தோரணங் கட்டுக என்றெல்லாம் ஏவி வரும் அந்த அறிவிப்பின் நடுவே, சமயப் பொருள்பற்றிச் சொல்லாட வல்லோர் முறையறிந்து பட்டிமண்டபம் ஏறுக என்னும் அழைப்பும் வருகிறது. அதனை அடுத்து வருவதுதான் அருமையினும் அருமை. தம்மோடு ஒட்டாத பகைவரிடத்தும் சினமும் கலகமும் கொள்ளாது விலகிச் செல்க என்பது ஆணை. இருபத்தெட்டு நாள் நடக்கும் பெருவிழாவில் அயல்மொழியாளரும் அயற்சமயத்தாரும் வந்து நிறைவர். சொற்போர் கட்டாயம் நிகழும். அதனைத் தடை செய்யாமல், மேடையும் தந்து, நெறியும் தந்து, அந்நெறியை விழாத் தொடங்குமுன்னரே ஊரறியச் செய்தனர். பூசல் எழுந்தபின் நெறி வகுப்பது தீப்பற்றியபின் கிணறு தோண்டுவதாகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. (இன்று பட்டிமன்றம் என்ற பெயரால் மேடைதோறும் நடப்பது நகைக்கூத்து. அதனையும் இதனையும் ஒன்றாக எண்ணிவிடலாகாது.)

நன்னூல் பயின்றோர் எழுவகை மதத்தை மனப்பாடமாக ஒப்பிப்பர். தேர்வு முடிந்ததும் அதனை மறந்தும் விடுவர். பவணந்தியார் அங்கே அடுக்கியிருப்பவை நூலாசிரியன் பிறர் கருத்தை எதிர்கொள்ளும் வழிகள். பிறர் சொன்னதற்கு உடன்படலாம், மறுக்கலாம், முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்த் தக்க கரணியங் காட்டிக் களையலாம், தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்தலாம், இருவர் மாறுபட்ட இடத்தில் ஒரு பக்கத்தைத் துணியலாம், பிறர் நூலிலுள்ள குற்றத்தை எடுத்துக்காட்டலாம், எதனோடும் சாராமல் தன் கொள்கையைக் கொள்ளலாம். ஏழு வழிகள் இருக்கின்றன. 'நூற்குற்றம்' காட்டலாம் என்றாரேயன்றி, நூல் செய்தவனின் குடிக்குற்றமோ உடற்குற்றமோ காட்டலாம் என்றாரல்லர். மன்றங்களில் நடக்கும் மறுப்புரைகளை இந்த ஏழனுள் அடக்கிப் பார்த்தால், அடங்காமல் வெளியே நிற்பவை எத்தனை என்பது தெரியவரும்.

இனி, கசப்பான ஒரு பழஞ்செய்தி. இராமலிங்க அடிகளாரின் பாடல்கள் 1867இல் திருவருட்பா என்னும் பெயரால் வெளிவந்தன. அப்பெயர் பொருந்துமா என்பதே வினா. அவ்வினா ஆராயத்தக்கதுதான். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் எளியவரல்லர், எதிர்ப்பக்கத்தாரும் எளியவரல்லர். ஆயினும் அவ்வினாவை அமர்ந்து ஆராய ஓர் அவை இல்லை. நடுநின்று நடத்த ஒரு தலைவரும் இல்லை. மறுப்புக்கு மறுப்பு, அம்மறுப்புக்கும் மறுப்பு என்று நூல்கள் பெருகின. நூற்பெயர்களிலேயே வசை ஏறியது. 1869இல் வழக்கு மஞ்சக்குப்பத்து வழக்குமன்றம் வரை சென்றது. தமிழ்ப்பாடலின் பெயர்பற்றிய ஐயத்திற்கு ஆங்கில ஆட்சியின் வழக்குமன்றமா விடை தரும்? முப்பது ஆண்டுகள் கழிந்தும் அத்தீ அணையவில்லை. 1903இல் சென்னையில் நா. கதிரைவேற் பிள்ளை ஒருபுறமும், அந்நாளில் கிறித்துவக் கல்லூரித் தமிழாசிரியராயிருந்த வேதாசலம் பிள்ளை மறுபுறமும் நின்று மேடையில் மோதினர். வேதாசலம் பிள்ளையே பின்னாளில் மறைமலையடிகளாகத் தமிழுலகம் போற்றும் பெருமகனார். அடிகளார் சார்ந்த பக்கமே இவ்வியக்கத்தார்க்கு இனிய பக்கம். எனினும் உள்ளதை உள்ளவாறு சொல்லவேண்டும். அந்த மேடைச் சூட்டினால் எவர் மனமும் மாறியதாகத் தெரியவில்லை; கைதட்டல் இருபுறமும் கிடைத்தது; அவ்வளவே.

பதின்மூன்று ஆண்டுகள் கடந்து, 1916இல் பல்லாவரத்தில் மற்றோர் 'அவை' கூடியது. அதில் உறுப்பினர் இருவரே. ஒருவர் அடிகளார், மற்றவர் அவர்தம் மகளார் நீலாம்பிகை. 1903ஆம் ஆண்டு சென்னையில் சொற்போர் நிகழ்ந்தபோது அக்குழந்தை பிறந்த ஆண்டும் அதுவே! பாடப்பட்ட பாடல் எது? அதே அருட்பாப் பாடல்களுள் ஒன்று. அதில் 'தேகம்' என்றிருந்த இடத்தில் 'யாக்கை' என்றிருந்தால் ஓசை இன்னும் இனிதாயிருக்குமே என்றார் தந்தையார். அதிலிருந்து இருவருக்குமிடையே பேச்சு வளர்ந்தது. பிறசொல் கலப்பால் மொழிக்கு நேரும் இழப்பு ஆராயப்பட்டது. இனித் தனித்தமிழே எழுதுவது, பேசுவது என்னும் முடிவும் அங்கேயே பிறந்தது. 'ஞானசாகரம்' 'அறிவுக்கட'லாயிற்று, 'சமரச சன்மார்க்க நிலையம்' 'பொதுநிலைக் கழக'மாயிற்று. சிறுமி வளர்ந்து 1937இல் வடசொற்றமிழ் அகரவரிசையைத் தொகுத்துத் தந்தார். அருட்பாவை வைத்துக்கொண்டு ஊரே திரண்டு நடத்திய போரால் விளையாத ஒன்று, அதே அருட்பாவை வைத்துக்கொண்டு தந்தையும் மகளும் அமைதியாக ஆராய்ந்தபோது விளைந்தது. அங்கே வெல்ல வேண்டியவர் எவரும் இல்லை. பதின்மூன்று அகவைச் சிறுமியின் கருத்துக்கும் அங்கே இடமிருந்தது.

இருவர் கூடும் அவையில் இது எளிது. பலர் கூடினால் இயலுமா என்பார் இருக்கலாம். அவர்கள் அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்க்ளின் வரலாற்றைக் கற்பது நலம். 1727இல், தம் இருபத்தோராம் அகவையில், பிலதெல்பியா நகரில் அவர் ஒரு கழகம் கண்டார். அதன் பெயர் 'சண்டோ'. பெயரைக் கேட்டதும் சண்டை நினைவுக்கு வரலாம். கூட்டம் எனப் பொருள்படும் இசுபானியச் சொல்லின் திரிபு அது. பன்னிருவரே உறுப்பினர். அவர்களுள் அச்சுத் தொழிலாளர் இருந்தனர். ஆவணப்படி எழுதுபவர், நிலவளவையர், செருப்புத் தைப்பவர், தச்சர், வணிகரிடம் கணக்கெழுதுபவர், செல்வ இளைஞர் எனப் பல திறத்தாரும் இருந்தனர். வெள்ளிக்கிழமை மாலைதோறும் கூடினர். ஒவ்வொருவரும் தத்தம் முறை வரும்போது அறம், அரசு, இயற்கை ஆகியவற்றுள் ஒன்றுபற்றி வினா கொண்டுவரல் வேண்டும். மூன்று திங்கட்கு ஒருமுறை தாமே எழுதிய கட்டுரை ஒன்றைப் படித்தல் வேண்டும். வாய்மூடி அமர்ந்து கேட்டுப் போவதற்கு எவர்க்கும் உரிமையில்லை.

இதனினும் பெரிது அவர்கள் வகுத்த பேச்சுநெறி. கருத்தாட்டம் தலைவரின் ஆணைக்கு உட்பட்டது. உண்மை தேடும் வேட்கையால் பேசலாம். சொற்போர் இன்பத்திற்காகவோ வெல்லும் ஆசையாலோ பேசலாகாது. சில நாட்களில் அடுத்தவர் முகத்தெதிரே 'அது தவறு' என்று வெட்டிப் பேசுவதும், தம் கருத்தே முடிந்த முடிபென்று அடித்துக் கூறுவதும் விலக்கப்பட்டன. மீறியவர் சிறு ஒறுப்புப்பணம் கட்டவேண்டும். பணம் சிறிதுதான், ஆயினும் நண்பர் பதினொருவர் பார்த்திருக்கக் காசை எடுத்து வைக்கும்போது சினம் தானே ஆறிவிடும்! பிராங்க்ளினே முதலில் செருக்குடன் பேசியவர். நண்பர் ஒருவர் இடித்துரைத்தபின் தம்மைத் திருத்திக்கொண்டார். 'உறுதியாக', 'ஐயமின்றி' போன்ற சொற்களைக் கைவிட்டு, இப்பொழுதைக்குத் தமக்கு இவ்வாறு தோன்றுகிறது என்று சொல்லப் பழகியதாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

அக்கழகத்தில் தாமசு காட்பிரே என்பவர் இருந்தார். கண்ணாடி பொருத்தும் தொழிலாளி. தாமே கற்றுத் தேர்ந்த கணக்கியல் வல்லார். ஆனால் எவர் எதைச் சொன்னாலும் அதில் அளவுக்கு மீறிய துல்லியம் கேட்பார்; சிறு சிறு வேற்றுமைகளைப் பிடித்துக்கொண்டு பேச்சின் ஓட்டத்தையே குலைப்பார். சின்னாட்களில் அவர் விலகிச் சென்றார். தமிழ் மன்றங்களிலும் ஒரு காட்பிரே உண்டு. பேசுபவர் சொல்லும் கருத்து அவர் செவியில் ஏறாது. வல்லினம் மிகவேண்டிய இடத்தில் மிகாமற் போனதே ஏறும். புலவர்களுள் இவ்வகையினர் மிகுதி என்பதைப் புலவர் கூட்டத்திலேயே சொல்வதில் தவறில்லை. ஒற்றுப்பிழை பிழையே, அதைக் குறித்து வைத்துக்கொண்டு கூட்டம் முடிந்தபின் தனியே சொன்னால் பேசியவர் திருந்துவார். நடுவே எழுந்து சொன்னால் அந்த இளைஞர் அடுத்த கூட்டத்திற்கு வரமாட்டார்.

கழகத்தின் புகழ் பரவப் பரவப் பலர் சேர விழைந்தனர். பிராங்க்ளின் எண்ணிக்கையை உயர்த்த ஒப்பவில்லை. ஒவ்வோர் உறுப்பினரும் தனித்தனியே கிளைக் கழகம் காணட்டும் என்றார். ஐந்தாறு கிளைகள் அமைந்தன. நூறு பேர் அமர்ந்தால் நால்வர் பேசுவர். பன்னிருவர் அமர்ந்தால் பன்னிருவரும் பேசுவர். உறுப்பினர் தம் நூல்களைப் பொதுவில் வைத்துப் படித்த பழக்கத்தின் தொடர்ச்சியாக 1731இல் உறுப்பினர் கட்டணம் பெறும் நூலகமும் தோன்றியது.

அவையில் யார் யார் அமர்வது என்பதும் சிறு செய்தியன்று. 1940இல் சென்னை அரசு கலைச்சொற்களுக்கென ஒரு குழு அமைத்தது. சீனிவாச சாத்திரியார் அதன் தலைவர். வடமொழிச் சார்பான சொற்களுக்கே அங்குச் செல்வாக்கு. தமிழறிஞர் கிளர்ந்தெழுந்து எதிர்த்த பின்னரே குழு மாற்றியமைக்கப்பெற்றது. ஒருபக்கத்தாரை மட்டும் அமர்த்திவிட்டு அதற்கு ஆய்வு என்று பெயரிடும் அவ்வழக்கத்தை அரசிடம் கண்டித்தவர்கள், தம் மன்றத்திலும் அது நுழையாமல் பார்த்துக்கொள்ளல் வேண்டும். வடசொற் கலப்பு இருந்தாலென்ன என்று கேட்கும் அன்பர் ஒருவர் மன்றத்தில் இருப்பாராயின், அவரை வெளியேற்றுதல் எளிது. அவர்க்கு விடை சொல்லக் கற்றலே பயிற்சி. தெருவிலும் அலுவலகத்திலும் அதே கேள்வி ஆயிரம் வாயிலிருந்து வரும்!

எடுத்துக்காட்டாக ஒரு சொல்லைப் பார்க்கலாம். நீராவியால் ஓடிய நாளில் 'புகைவண்டி' என்றனர், பொருந்தியது. மின்னாற்றலால் ஓடத் தொடங்கியபின் புகை எங்கே என்று கேட்டுத் 'தொடர்வண்டி' என்றனர், அதுவும் பொருந்தியது. பழஞ்சொல்லே மக்கள் நாவில் ஊறியது என்பார் ஒருவர். பொருளற்றுப்போன சொல்லைச் சுமப்பதேன் என்பார் மற்றொருவர். இருவரும் தமிழ்ச்சொல்லுக்காகவே வழக்காடுகின்றனர் என்பதைத் தலைவர் முதலில் அவைக்கு நினைவூட்டல் வேண்டும். பேசப்போகும் வினாவை ஒரு கிழமைக்கு முன்னரே எழுதி ஒட்டிவிட்டால், வருவோர் அகரமுதலியைப் புரட்டிக்கொண்டு வருவர். ஒருவர்க்கு ஐந்து மணித்துளி. எதிர்ப்போர்க்கும் அதே ஐந்து. மறுக்க எழுபவர் எதிர்ப்பக்கத்தார் சொன்னதைத் தம் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லி, சொன்னவர் 'ஆம், அதுவே என் கருத்து' என்று ஒப்பிய பின்னரே மறுக்கவேண்டும். பாதிப் பூசல் இங்கேயே தீரும். ஏனெனில் பெரும்பாலும் மறுக்கப்படுவது சொல்லப்படாத கருத்தே. தலைவர் தம் கருத்தைச் சொல்ல விரும்பினால் இருக்கையை வேறொருவர்க்குக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிப் பேசட்டும்.

முடிவு எட்டாவிடில் கை உயர்த்தி எண்ண வேண்டியதில்லை. சொற்கள் தலையெண்ணிக்கையால் வாழ்வனவல்ல. மன்றத்தில் இரண்டு ஏடுகள் இருக்கட்டும். ஒன்றில் அவை ஒத்துக்கொண்ட சொற்கள். மற்றொன்றில் முடிவுறாத சொற்கள், இருபக்கத்தார் கூறிய கரணியங்களோடும் நாளோடும். ஆண்டுக்கொருமுறை இரண்டாம் ஏட்டைத் திறந்து, அச்சொற்களுள் எதனை ஊர் எடுத்துக்கொண்டது, எதனைக் கைவிட்டது என்று பார்க்கலாம். முதற்பக்கத்தில் 'புகைவண்டி, தொடர்வண்டி' என்று எழுதி வைத்துவிட்டு, வருகிற வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கே தொடங்கலாம்.